எதுனாலும் சரி என்பவரும் என் தேற்றமும்

என் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. எந்த இரண்டு பொருளைக் கொடுத்தாலும் ஒவ்வொருவருக்கும் அவற்றில் ஒன்று மற்றதைவிடக் கூடுதலாகப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம் என்பது அந்த வரி. பொருளாதாரத்தில் என் பிரிவைச் சேர்ந்தவர்கள் எல்லோரும் இதை எழுதுவார்கள். கடிதத்தில் தேதி போடுவதுபோல, யோசிக்காமல் எழுதுவார்கள். நானும் எழுதினேன். எழுதிய கையோடு எழுந்து சமையலறைக்குப் போகும் வழியில், "ராத்திரிக்கு தோசையா, சப்பாத்தியா?" என்று என் கணவரைக் கேட்டேன்.

"எதுனாலும் சரி" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவருடைய பதில் இது ஒன்றுதான். நீலச் சட்டையா வெள்ளையா, லீவுக்கு மைசூரா ஊட்டியா, ஜன்னலோரமா நடுவிலா, எதைக் கேட்டாலும் எதுனாலும் சரி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் எதிலும் கறாரான ஆள். எங்கள் தொம்மலூர் தெருவில் இரண்டு பேக்கரி இருக்கின்றன. எந்தக் கடையில் பன் வாங்கலாம், எந்தக் கடையில் வாங்கவே கூடாது என்று அரை மணி நேரம் பேசச் சொன்னாலும் பேசுவேன். இப்படிப்பட்ட மனிதரை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, உலகத்தில் இப்படி ஒருவருமே கிடையாது என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேனே, அது எனக்கு உறைக்கவே இல்லை.

நான் பிஎச்டிக்குச் சேர்ந்தது கொஞ்சம் வயதான பிறகுதான். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் பல வருஷம் ஒரே பாடத்தை நடத்தி, என் குரலே எனக்குச் சலித்துப்போயிருந்த சமயத்தில் ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. அதிலிருந்த விஷயம் ரொம்ப எளிமையானது. ரயிலில் பெர்த் மாற்றிக்கொள்வோம் இல்லையா, அதுதான். எனக்கு உங்கள் பெர்த் வேண்டும். உங்களுக்கு எதிரில் இருப்பவருடையது வேண்டும். அவருக்கு என்னுடையது வேண்டும். இதில் எந்த இரண்டு பேரும் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள முடியாது. மூன்று பேரும் சேர்ந்து மாற்றினால் மூவருக்கும் கேட்டது கிடைத்துவிடும். இதற்கு ஒரு முறை இருக்கிறது. ஆளாளுக்குத் தனக்கு ரொம்பப் பிடித்த பெர்த் யாரிடம் இருக்கிறதோ அவரை நோக்கி விரலை நீட்டவேண்டும். எத்தனை பேர் நின்றாலும் எங்காவது ஒரு வட்டம் விழுந்தே தீரும். வட்டத்தில் இருப்பவர்கள் மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மிச்சம் இருப்பவர்கள் மறுபடி விரலை நீட்டவேண்டும். கடைசியில் யாருக்கும் நஷ்டம் இருக்காது. தனக்குப் பிடித்ததைப் பற்றிப் பொய் சொல்லி யாரும் கூடுதலாக எதையும் சம்பாதித்துவிடவும் முடியாது.

இதைப் படித்த அன்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்டாஃப் ரூமில் இருந்தவர்களை எல்லாம் எழுப்பி நிறுத்தி விரலை நீட்டச் சொன்னேன். வட்டம் விழுந்தது! எத்தனை தடவை செய்தாலும் விழுந்தது. மனிதர்கள் அடித்துக்கொள்ளாமல், அதட்டாமல், கெஞ்சாமல் ஒரு விஷயத்தைத் தீர்த்துக்கொள்ள முடியும் என்பதற்கு நிரூபணம் இருக்கிறது என்பதே எனக்குப் புது செய்தியாக இருந்தது. அந்த வருஷமே நகரத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ஒரு ஆய்வு நிறுவனத்தில் நுழைவுத் தேர்வு எழுதினேன்.

நான் எடுத்துக்கொண்ட கேள்வி இது. ரயில் நிற்கும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் புதிதாக ஆள் ஏறிக்கொண்டே இருந்தால் அந்த விரல் முறை என்ன ஆகும்? முதலில் வந்தவர்கள் மாற்றி முடித்துவிட்ட பிறகு வருகிறவர்கள் ஏமாந்து போவார்களா? போகமாட்டார்கள், அதற்கும் ஒரு வழி இருக்கிறது என்று ஒரு தேற்றத்தை எழுதி, நிரூபித்து, முகமெல்லாம் பல்லாக கருத்தரங்கில் போய் நின்றேன்.

பொருளாதாரக் கருத்தரங்குகளைப் பார்த்திராதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கள் துறையில் பேசுகிறவரைப் பேச விடமாட்டார்கள். முதல் படம் திரையில் விழுந்ததுமே பின்னால் இருந்து ஒரு கை எழும்பும். மூன்றாவது படத்தைத் தாண்டினால் அதுவே பெரிய சாதனை. அதனால் என் ஆய்வுக் குழுவில் இருந்த ஒரு பேராசிரியர் கடைசிவரை ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தபோதே ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. நான் முடித்ததும் அவர், "முதல் பக்கத்துக்குப் போங்க" என்றார். போனேன். "இந்த வரிய எடுத்துட்டா என்ன மிஞ்சும்?"

எடுத்துப் பார்த்தேன், அங்கேயே, கரும்பலகையில். இரண்டாவது படியிலேயே நிரூபணம் பொலபொலவென்று உதிர்ந்தது. எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்று சொல்லும் ஒரே ஒரு ஆள் உள்ளே வந்தால் போதும், எல்லாம் குளறுபடி. புதிதாக ஆள் வராத நிலையான கூட்டத்துக்கு இந்தச் சிக்கலை மற்றவர்கள் முன்பே தீர்த்திருந்தார்கள். ஆள் வந்துகொண்டே இருக்கும் என் கூட்டத்துக்கு யாரும் தீர்த்திருக்கவில்லை. "அந்த வரியோட இது வீட்டுப்பாடம். அந்த வரி இல்லாம இருந்தா ஆய்வேடு" என்றார் அவர், ரொம்ப மரியாதையாக.

குழு கூடி முடிவு சொன்னது. எனக்கு இருப்பது கடைசி நீட்டிப்பு. அதற்குள் தேற்றம் அந்த வரி இல்லாமல் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் விதிப்படி என் பதிவு ரத்தாகும். இத்தனை வருஷமும் போய், அதே ஸ்டாஃப் ரூமுக்கு அதே பாடத்தை நடத்தத் திரும்பவேண்டும். வேலையை விட்டபோது, "இந்த வயசுல எதுக்குங்க மேடம்?" என்று கேட்டவர்கள் எல்லோரும் அங்கேயேதான் இருந்தார்கள்.

அன்று சாயங்காலம் என் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்த வரிம்மா அது?" என்றார். சொன்னேன்.

"அப்போ நான் உன் தீசிஸ்ல இல்லவே இல்லையா?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தலையணையை எடுத்து அவர்மேல் எறிந்தேன்.

என் வழிகாட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். மல்லேஸ்வரத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். வயதில் என்னைவிடச் சின்னவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை வாங்க போங்க என்பார். நிரூபணத்தில் ஓட்டையைக் கண்டுபிடித்தால் மட்டும் இந்த மரியாதை எல்லாம் காற்றில் பறந்துவிடும். "அய்யோ! இது ஆகல்லப்பா, ஆகவே ஆகல்ல!" என்று கன்னடமும் தமிழும் கலந்து குதிப்பார். ஓட்டை கண்டுபிடிப்பதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். வாரா வாரம் நான் ஒரு புது நிரூபணத்தோடு அவர் வீட்டுக்குப் போவேன். அவருடைய அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே திரும்புவதற்குள் அது செத்துப்போயிருக்கும். மழைக்காலம் முழுக்க இப்படியே போனது. எதுனாலும் சரி என்பவரைச் சீட்டுப் போட்டு ஏதோ ஒரு பக்கம் விரல் நீட்டச் சொல்லிப் பார்த்தேன், செத்தது. அவரை முதலிலேயே வெளியே அனுப்பிப் பார்த்தேன், அதுவும் செத்தது. சில நாள் மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் பூக்காரர்கள் நடுவில் நின்றுகொண்டு, இத்தனை பேரில் யாருக்காவது எதுவானாலும் ஒன்றுதான் என்று தோன்றுகிறதா, எல்லோரும் கறாராகத்தானே பேரம் பேசுகிறார்கள் என்று ஆத்திரப்படுவேன்.

விடை கிடைத்தது சர்ச்சில்.

நாங்கள் போகும் கோவில் கன்டோன்மென்ட் பக்கம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்குப் பீடத்தைப் பூவால் அலங்கரிப்பது பங்கைச் சேர்ந்த குடும்பங்களின் பொறுப்பு. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் பீடத்துக்குப் பூ கிடையாது. அந்த ஓய்வு நேரத்தில்தான் ஈஸ்டருக்குப் பிறகு வரும் ஞாயிறுகளுக்குச் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். எந்த வீட்டுக்கு எந்த ஞாயிறு என்று சீட்டு சொல்லிவிடும். அதற்குப் பிறகு ஆரம்பிக்கும் கூத்து. அந்த ஞாயிறு என் கொழுந்தனார் மகன் கல்யாணம், இந்த ஞாயிறு பையனுக்கு நுழைவுத் தேர்வு, நீங்க எங்களோடு மாத்திக்குவீங்களா என்று வாட்ஸாப் குழு வாரக்கணக்கில் அலறும். அந்த வருஷம் எனக்குப் பொறுக்கவில்லை. பங்குத்தந்தையிடம் போய், "சாமி, ஒரு அரை மணி நேரம் மண்டபத்தைக் கொடுங்க. நான் முடிச்சுத் தர்றேன்" என்றேன்.

பூசை முடிந்து எல்லோரும் மண்டபத்தில் கூடினார்கள். தங்களுக்கு விழுந்த ஞாயிறை ஒரு அட்டையில் எழுதி நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் நாற்காலிமேல் ஏறி விதிகளைச் சொன்னேன். வேண்டிய ஞாயிறு யாரிடம் இருக்கிறதோ அவரை நோக்கி விரல் நீட்டவேண்டும். வட்டம் விழுந்தவர்கள் அட்டையை மாற்றிக்கொண்டு வெளியே போய் டீ குடிக்கலாம். வெளியே போனவர்களுக்கு ஆட்டம் முடிந்தது. "ஒன், டூ, த்ரீ!" என்றேன். மண்டபம் முழுக்கக் கைகள் நீண்டன. முதல் வட்டம் விழுந்தபோது எழுந்த சத்தத்தைக் கேட்டு சாமியே எட்டிப் பார்த்தார். ஒரு ரிட்டயர்ட் ஹெட்மிஸ்ட்ரஸ், ஆட்டோ ஓட்டும் ஒருவர், ஒரு கல்லூரி மாணவி மூன்று பேரும் அட்டையை மாற்றிக்கொண்டு கைகுலுக்கினார்கள். வாட்ஸாப்பில் பல வாரம் இழுக்கும் விஷயம் கண்ணுக்கு நேரே தீர்ந்துகொண்டிருந்தது. எனக்கு அந்த நாற்காலியிலிருந்து பறந்துவிடலாம்போல இருந்தது.

எங்கள் வீட்டுக்கு விழுந்த ஞாயிறு என் தங்கை குழந்தையின் ஞானஸ்நானத்தோடு மோதியது. அதனால் எங்கள் அட்டையைப் பிடித்துக்கொண்டு என் கணவர் நின்றார். எங்களுக்கு அந்த ஒரு ஞாயிறு மட்டும் ஆகாது, மற்ற எதுவும் ஒன்றுதான். விரலை எங்கே நீட்டுவது என்று அவர் என்னைப் பார்த்தார். யாரையாவது காட்டுங்க என்று நான் சைகை செய்தேன். பக்கத்தில் நின்ற, பேங்கில் வேலை பார்த்து ரிட்டயரான பெரியவர் ஒருவரைக் காட்டினார். அந்தப் பெரியவர் ஏற்கெனவே எங்கள் அட்டையைத்தான் காட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் வட்டம். மாற்றிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

கடைசியில் ஒரே ஒருவர் மண்டபத்தில் நின்றார். பெரிய மருத்துவமனை ஒன்றில் நர்ஸாக இருக்கும் பெண். அவருக்கு வேண்டியிருந்தது அந்தப் பெரியவர் வைத்திருந்த ஞாயிறு. அது இப்போது என் கணவர் கையில் இருந்தது. நர்ஸிடம் மிஞ்சியது அவருடைய டியூட்டி ஞாயிறு. "போகட்டும்க்கா, நான் யாரையாவது கெஞ்சி ஷிஃப்ட் மாத்திக்கறேன்" என்றார். முகம் வாடிவிட்டது.

அந்த நேரம் பார்த்து என் கணவர் டீ டம்ளரோடு உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டார். "இதானே சிஸ்டர் வேணும்? எடுத்துக்குங்க. உங்களது எனக்குக் குடுங்க. எனக்கு எதுனாலும் சரி" என்று அட்டையை நீட்டினார்.

"கூடாது!" என்று நான் நாற்காலிமேல் நின்றபடியே கத்தினேன். "நீங்க வெளியே போயிட்டீங்க! ஆட்டம் முடிஞ்சுபோச்சு!"

நர்ஸ் அட்டையை வாங்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். என் கணவர் ஒரு கையில் டம்ளரும் ஒரு கையில் அட்டையுமாக என்னைப் பார்த்தார். கோபமே இல்லாமல், "ஏன்?" என்றார்.

ஏன்? ஏன் கூடாது? வட்டம் விழுந்ததும் வெளியே போகவேண்டும் என்று யார் சொன்னது? பாடப் புத்தகம் சொன்னது. எல்லோருக்கும் கறாரான விருப்பம் இருந்தால் அது சரி. வேண்டியது கிடைத்தவரை இன்னொரு தடவை மாறச் சொன்னால் அவருக்கு நஷ்டம், அதனால் அனுப்பிவிடலாம். எதுனாலும் சரி என்பவரை ஏன் அனுப்பவேண்டும்? அவர் உள்ளே நின்றால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவர் நிற்பதால்தான் இன்னொருத்தருக்கு வழி பிறக்கிறது. இத்தனை மாதமும் அவரை எந்தப் பக்கம் விரல் நீட்டச் சொல்வது என்றே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். திருப்தியாகிவிட்டாலும் அவரை அனுப்பாமல் நிறுத்திவைப்பதுதான் விஷயம்! கடைசி ஆளுக்கும் உபயோகம் இல்லை என்று தெரியும்வரை நிறுத்திவைக்கவேண்டும்!

நாற்காலியிலிருந்து குதித்தேன். அட்டைகளை நானே பிடுங்கி மாற்றிக் கொடுத்தேன். நர்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் பயந்துவிட்டார் என்று நினைக்கிறேன். "ஏங்க, நீங்க ஏன் அப்பவே உள்ள நிக்கல?" என்று என் கணவரைப் பார்த்துக் கத்தினேன். "நீதானே போகச் சொன்ன?" என்றார்.

அடுத்த நாள் வழிகாட்டியிடம் சொன்னதும் அவர் துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். குதித்தார், ஆனால் ஓட்டையோடு. "நிக்கறவருக்கு எந்தப் பக்கம் கை காட்டலாம்னு இஷ்டம் குடுத்தீங்கன்னா, எல்லாரும் எதுனாலும் சரின்னு நடிச்சு உள்ளயே நிப்பா. நின்னு, அப்புறம் வர்ற நல்ல சீட்டைத் தட்டிண்டு போயிடுவா. பொய்க்குக் கதவு திறந்தாச்சு" என்றார். அவர் சொன்னது சரி. ஆனால் இந்த முறை எனக்கு அழுகை வரவில்லை. இது செத்த நிரூபணம் இல்லை, ஒரு இடத்தில் மட்டும் மாட்டிக்கொண்ட நிரூபணம் என்பது உடம்புக்கே தெரிந்தது. அந்த வித்தியாசத்தை எந்தப் புத்தகமும் சொல்லித் தராது.

மாட்டிக்கொண்டதை எடுத்துவிட்டது மெட்ரோவில். வழிகாட்டி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மெஜஸ்டிக்கில் பச்சை வழித்தட வண்டிக்கு மாறும் இடத்தில் நல்ல கூட்டம். கதவுக்கு முன்னால் வரிசையாக நின்றோம். நடுவில் புகுந்த ஒருவரை ஒரு அம்மாள் கன்னடத்தில் வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். முன்னால் வந்தவர்கள் நிற்கிறோமே, கண் தெரியவில்லையா என்று. வண்டியில் ஏறிக் கம்பியைப் பிடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நிற்பவருக்கு இஷ்டமே கொடுக்கக் கூடாது! காத்திருப்பவர்களில் யார் முதலில் வந்தாரோ அவர் பக்கம்தான் நிற்பவருடைய விரல் நீளவேண்டும். வந்த வரிசையை யாரும் பொய் சொல்லி மாற்ற முடியாது. நடித்து உள்ளே நின்றாலும் விரல் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. அப்புறம் எதற்கு நடிக்கவேண்டும்?

மனதுக்குள் படி படியாகப் போட்டுப் பார்த்தேன். நின்றது. மறுபடி போட்டேன். நின்றது. தலையைத் தூக்கிப் பார்த்தால் மல்லேஸ்வரத்தில் இறங்கவேண்டியவள் ஸ்ரீராம்புரத்துக்கு வந்திருக்கிறேன். கீழே இறங்கி, சந்துக்குள் முதலில் தெரிந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வழிகாட்டிக்கு போன் செய்தேன். வார்த்தைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்தன. அவர், "இருங்கோ, அசையாதீங்கோ, நானே வர்றேன்" என்று ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். இரண்டு பேரும் பெஞ்சில் காகிதங்களைப் பரப்பினோம். அவர் உடைக்கப் பார்த்தார், நான் தடுத்தேன். அவர் குரல் உயர்ந்தது, என் குரல் அதைவிட உயர்ந்தது. டீக்கடை அக்கா அடுப்பை விட்டு எட்டிப் பார்த்து, "என்னாம்மா, வூட்டுப் பாகப் பிரிவினையா?" என்று கேட்டார்.

"இல்லக்கா, பரீட்சை" என்றேன்.

"இந்த வயசுலயா!" என்றார் அவர். வேலையை விட்டபோது ஸ்டாஃப் ரூமில் கேட்ட அதே கேள்விதான், ஆனால் அன்று கேட்க எவ்வளவு இனிப்பாக இருந்தது! வழிகாட்டி பேனாவைக் கீழே வைத்தார். காகிதங்களை முதலிலிருந்து ஒருதடவை புரட்டினார். பிறகு, "ஆயித்து, முடிஞ்சாச்சு. என்னால உடைக்க முடியல" என்றார். நான் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் எல்லோரும் பார்க்க, வாய்விட்டுச் சிரித்தேன்.

கெடுவுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று. முதல் பக்கத்தில் அந்த வரி இல்லை. ஆனால் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று இல்லை. வாய்மொழித் தேர்வில் தேற்றம் உடைந்தால் எல்லாம் போச்சு. வெளித் தேர்வாளராகச் சென்னையிலிருந்து வந்தவர் உடைப்பதில் பேர் போனவர். அவர் முன்னால் நின்று அழுதவர்களின் கதைகள் எங்கள் கான்டீனில் உலவும்.

தேர்வு திறந்த அரங்கில் நடந்தது, யாரும் வந்து உட்காரலாம். என் கணவர் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நான் பேச ஆரம்பித்தேன். பயமாகத்தான் இருந்தது, ஆனால் பயத்தைவிடக் குஷி அதிகம். இந்த அறையில் இந்த விஷயத்தை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை என்ற நினைப்பு வாழ்க்கையில் முதல்முறையாக வந்தது. இரண்டாவது படத்திலேயே தேர்வாளர் எழுந்து வந்து என் கையிலிருந்த மார்க்கரை வாங்கிக்கொண்டார். வெள்ளைப் பலகையில் நான்கு பேரை வரைந்தார். அம்புக்குறிகள் போட்டார்.

"இங்க இவர் போயிடறார். அவருக்கு வழி இல்ல" என்றார்.

"போகமாட்டார் சார். நிப்பார்."

அழித்தார். ஐந்தாவதாக ஒருவரை நடுவில் வரவழைத்தார். "இப்ப இவர் பொய் சொல்றார்."

"சொல்லட்டும் சார். விரல் முதல்ல வந்தவர் பக்கம்தான் போகும். பொய்யால ஒண்ணும் கிடைக்காது."

அவர் போட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. மறுபடி அழித்தார், மறுபடி வரைந்தார். முன்வரிசையில் என் வழிகாட்டி துப்பட்டா நுனியைக் கையில் சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தார். பலகை முழுக்க அம்புகள் நிறைந்த பிறகு தேர்வாளர் என் பக்கம் திரும்பினார்.

"கணக்கு சரியா இருக்கு, அத ஒத்துக்கறேன். ஆனா உங்க தேற்றம் மொத்தமும் எதுனாலும் சரின்னு சொல்ற ஒரு ஆள் தோள்மேல நிக்குது. அப்படி ஒருத்தர் நிஜமா உலகத்துல உண்டாம்மா? என் ஆயுசுல நான் பாத்ததில்ல."

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "உண்டு சார். கடைசி வரிசைல உக்காந்திருக்கார். என் கணவர்."

அரங்கமே திரும்பிப் பார்த்தது. சிரிப்பு எழுந்தது. தேர்வாளர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவரைப் பார்த்தார். "அப்படியா சார்? எதுனாலும் சரியா உங்களுக்கு? இவங்களுக்கு நான் பட்டம் குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரியா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். என் கணவர் எழுந்து நின்றார். கூட்டத்தில் நின்று பேசும் பழக்கம் இல்லாதவர்.

"இல்ல சார்" என்றார். "இது மட்டும் அப்படி இல்ல."

எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் இதுதான் வேண்டும் என்று அவர் வாய் திறந்து கேட்டு நான் பார்த்த முதல் விஷயம் அது.

தேர்வாளர் என்னிடம் திரும்பினார். "என்னம்மா, உங்க ஆளுக்கே கறாரான விருப்பம் ஒண்ணு இருக்கே. இப்ப உங்க தேற்றம் என்ன ஆகும்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பலகையில் அவர் வரைந்திருந்த ஆட்களில் ஒருவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "ஒண்ணும் ஆகாது சார். எல்லாத்துலயும் எதுனாலும் சரின்னு இருக்கணும்னு நான் எங்கயும் எழுதல. ஒண்ணே ஒண்ணுல மட்டும் பிடிவாதமா இருந்துட்டு, மத்ததெல்லாம் விட்டுக் குடுக்கறவங்களுக்கும் இதுல இடம் இருக்கு. நிரூபணம் நாலாம் அத்தியாயத்துல இருக்கு."

அவர் பலகையை அழித்தார். பிறகு மார்க்கரை மூடி என் கையில் வைத்துவிட்டு மேஜைக்குப் போனார். "எனக்கு வேற கேள்வி இல்ல" என்று குழுவிடம் சொல்லி, அறிக்கையை இழுத்துப் பட்டம் வழங்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வழிகாட்டி நாற்காலி பின்னால் சாய எழுந்து ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். அவர்கள் தலைகளுக்கு மேலே கடைசி வரிசையைப் பார்த்தேன். என் கணவர் கைதட்டவில்லை, உட்காரவும் இல்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்.